தொழில்முறை மற்போர்: முடிவு தெரிந்த சண்டையின் வரலாறு

தொழில்முறை மற்போர் என்பது, வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு, கட்டணம் செலுத்திய மக்கள் முன் நடத்தப்படும் மற்போர்க் காட்சியாகும். ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் மல்யுத்தம் வேறு, இது வேறு. அங்கே புள்ளிகளும் எடைப் பிரிவுகளும் உண்டு. முடிவு யாருக்கும் தெரியாது. இங்கே கயிறு கட்டிய சதுர மேடையும், நல்லவன் கெட்டவன் என்ற பாத்திரங்களும், வாரந்தோறும் தொடரும் கதையும் உண்டு. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கேபிள் தொலைக்காட்சி வந்தபின் வளர்ந்தவர்கள் இதை ‘டபிள்யூ டபிள்யூ எஃப்’ என்றே அறிவர். அதற்கு முந்தைய தலைமுறைக்கு இது ‘தாராசிங் - கிங்காங் குஸ்தி’.

“நீ அடிக்கிற மாதிரி அடி, நான் அழுகிற மாதிரி அழுகிறேன்” என்றொரு பழமொழி உண்டு. இக்கலையைப் பழிப்பவர்கள் முதலில் எடுத்துப் போடுவது இதைத்தான். பழமொழி சொல்வது சரியே. ஆனால் அது சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அடிப்பது போல் அடித்தாலும், ஏணியின் உச்சியிலிருந்து விழுகிறவர் உண்மையாகவே விழுகிறார். 120 கிலோ எடையுள்ள ஒருவரைத் தலைக்குமேல் தூக்குகிறவர் உண்மையாகவே தூக்குகிறார். முடிவை முன்னரே எழுதலாம். எடையை எழுத முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே இக்கலை பிடிபடும்.

மல்லன் என்னும் சொல்

தமிழில் மற்போர் பற்றிய மிகப் பழைய செய்தி புறநானூற்றில் உள்ளது. உறையூரை ஆண்ட தித்தன் என்னும் சோழனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தந்தையோடு மனம் வேறுபட்டுப் பிரிந்து வாழ்ந்தவன் என்பர் உரையாசிரியர். அவன் முக்காவல் நாட்டு ஆமூரில் பெயர்பெற்ற மல்லன் ஒருவனோடு பொருது அவனை வீழ்த்தினான். சாத்தந்தையார் என்னும் புலவர் அந்தப் போரை நேரில் பார்த்தவர்போல் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது. மற்றொரு கால் அவன் செய்ய வரும் சூழ்ச்சியைத் தடுத்து அவன் முதுகுப் பக்கம் வளைத்திருக்கிறது. இன்றைய வர்ணனையாளர் ஒருவர் பிடியின் பெயரைச் சொல்வதுபோலவே இருக்கிறது. ஆனால் புலவரின் கவலை பிடியைப் பற்றியது அன்று. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, தந்தை தித்தன் இதைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. தித்தன் பார்த்தானா என்பதைப் பாடல் சொல்லவில்லை.

அதே கிள்ளியை விரும்பிய நக்கண்ணையாரின் பாடல் ஒன்றில் கூட்டத்தின் குரல் கேட்கிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு பக்கம். இல்லை என்கிறது மறு பக்கம். அவரோ சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டருகே நின்ற பனையைச் சார்ந்து நின்று அவன் வெல்வதைக் கண்டுகொள்கிறார். ஜான் சீனா என்னும் அமெரிக்க வீரர் மேடையேறியபோதெல்லாம் அரங்கில் பாதி அவரை வாழ்த்தியும் பாதி அவரை ஏசியும் மாறிமாறி முழங்கியது. அதைக் கேட்டவர்களுக்கு நக்கண்ணையாரின் ஊர் அந்நியமாகத் தோன்றாது. மல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதையும், இரண்டாகப் பிரிந்து கத்தும் கூட்டமும் வேண்டும் என்பது நம்மவர்க்கு அன்றே தெரிந்திருக்கிறது.

பிற்காலத்தில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்ற பட்டம் பூண்டான். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் மாமல்லபுரம் அப்பட்டத்தைத் தாங்கி நிற்கிறது. மேற்கே விழுப்புரத்தில் மல்லர்கம்பம் இன்றும் பயிற்றுவிக்கப்படுகிறது. ‘குஸ்தி’, ‘பயில்வான்’ போன்ற சொற்கள் வடக்கிலிருந்து வந்து தமிழில் கலந்தவை. ‘கோதாவில் இறங்கிவிட்டார்’ என்று தேர்தல் செய்தி எழுதுகிற நிருபருக்கு, கோதா என்பது குஸ்தி நடக்கும் களம் என்பது நினைவில் இருக்க வேண்டியதில்லை. 1905-இல் இந்தியாவில் பயணம் செய்த உடல்வலிமைக் கலைஞர் யூஜின் சாண்டோவின் பெயரும் இப்படித்தான் தமிழில் ஒட்டிக்கொண்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் அது கடைசிவரை இருந்தது.

காமாவும் ஸ்பிஸ்கோவும்

தொழில்முறை மற்போர் தொடக்கத்திலேயே நடிப்பாக இருந்ததா என்ற கேள்விக்கு ஒரு போலந்து நாட்டு வீரரின் வாழ்க்கையே விடை தருகிறது. அவர் பெயர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ.

1910-இல் குலாம் முகமது என்னும் இயற்பெயர் கொண்ட ‘காமா’ பயில்வான் லண்டனுக்குப் போனார். வெள்ளைக்கார வீரர்களோடு ஒப்பிட அவர் குள்ளம். அதனால் போட்டியில் சேர்க்க மறுத்தனர். அவர் எல்லாரையும் அறைகூவி அழைத்தார். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை எளிதில் வீழ்த்திய பின், செப்டம்பர் 10 அன்று ஸ்பிஸ்கோவைச் சந்தித்தார். காமாவின் பிடியில் அகப்பட்டதும் ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. முடிவு தெரியாமலே போட்டி நின்றது. ஒரு வாரம் கழித்து மறு போட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை மல்லாத்தினார்.

இது உண்மைச் சண்டை. உண்மைச் சண்டையின் தொல்லையும் இதில்தான் இருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்தவர் இரண்டரை மணி நேரம் ஒருவர் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். 1916 ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஜோ ஸ்டெச்சரும் எட் லூயிசும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கட்டிப் பிடித்து நின்று, யாரும் வெல்லாமல் கலைந்தனர். இப்படியே போனால் கூட்டம் வருமா? 1920-களில் லூயிசும் அவர் கூட்டாளிகளும் நேரத்தைக் குறுக்கினர், பிடிகளை வேகமாக்கினர், முடிவையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டனர்.

அந்த ஏற்பாட்டின்படி 1925 ஜனவரியில் வெய்ன் முன் என்னும் கால்பந்து வீரர் லூயிசை ‘வென்று’ உலக வாகையர் ஆனார். அவருக்கு உண்மையான மற்போர் அதிகம் தெரியாது. ஏப்ரல் 15 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அவரிடம் தோற்றுக் கொடுப்பதற்காக அழைக்கப்பட்டவர் வேறு யாருமல்லர், நம் ஸ்பிஸ்கோதான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கிழவர் சொன்னதைச் செய்வார் என்று நினைத்திருப்பார்கள். மணி அடித்ததும் ஸ்பிஸ்கோ உண்மையாகவே சண்டை போட்டு, முன்னை மீண்டும் மீண்டும் மல்லாத்தி, பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். எதிர்த் தரப்பு ஏற்பாட்டாளர்கள் அவரிடம் முன்பே பேசியிருந்தனர். அடுத்த மாதமே ஸ்டெச்சரிடம் பட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

எழுதியதை மீறிய இந்த ஒரு மாலைதான் எல்லாம் எழுதப்பட்டது என்பதற்கு வலுவான சாட்சியாக நிற்கிறது.

தாராசிங்கும் கிங்காங்கும்

இந்தியாவில் இக்காட்சிக்குப் பெருங்கூட்டம் சேர்த்தவர் தாரா சிங். 1928 நவம்பர் 19-இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்தில் பிறந்தார். 1940-களின் பிற்பகுதியில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போய், டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். அங்கே ‘கிரேட் வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் மற்போர் கற்றார். சிங்கப்பூர், மலாயா நகரங்களின் அந்தக் கேளிக்கைப் பூங்காக்கள் சீன நாடகம், மலாய்க் கூத்து, குத்துச்சண்டை, மற்போர் எல்லாம் ஒரே டிக்கெட் வளாகத்தில் நடந்த இடங்கள். தாரா சிங் சண்டையோடு மேடையையும் அங்கே கற்றார் எனலாம்.

1954-இல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ ஆனார். 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் பெற்றார். 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ் என்னும் அமெரிக்கரை வென்றார். தெஸ் லேசுப்பட்டவர் அல்லர். மேடைக்கு வெளியேயும் எவரையும் மடக்கக்கூடிய உண்மை மல்லர் என்று அத்தொழிலில் இருந்தவர்களே அஞ்சிய மனிதர். பிற்காலத்தில் தம் நினைவுகளை எழுதியபோது, தாரா சிங்கை அசல் மல்லர் என்றே அவர் மதித்துக் குறிப்பிட்டார். முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம். யாரிடம் தோற்கச் சம்மதிப்பது என்பதில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் தாரா சிங் தேறினார்.

அவருடைய புகழில் பாதி கிங்காங்குக்கு உரியது. கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. 1909-இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். ஏறத்தாழ 180 கிலோ எடை, தாடி, உறுமல் ஆகியவற்றோடு சிங்கப்பூரை மையமாகக் கொண்டு ஆசியா முழுவதும் சுற்றினார். இந்தியக் களங்களில் அவர் பேராற்றல் கொண்ட வெள்ளைக்கார வில்லன். விடுதலை பெற்றுப் பத்தாண்டு ஆகாத நாட்டில், அத்தகைய மலையை ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை தலைக்குமேல் தூக்கிச் சுழற்றினால் கூட்டம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. 1962-இல் ‘கிங்காங்’ என்ற பெயரிலேயே இந்தித் திரைப்படம் வந்து தாரா சிங்கை நாயகனாக்கியது. தமிழ் வீடுகளிலும் அவ்விரு பெயர்களும் பொதுப்பெயர் ஆயின. குண்டுப் பையன் கிங்காங், புஜத்தை மடக்கிக் காட்டுபவனிடம் “பெரிய தாராசிங்னு நெனப்பா?” என்ற கேள்வி.

சாயா 1970-இல் மலேசியாவில் நடந்த கார் விபத்தின் விளைவாகச் சிங்கப்பூரில் இறந்தார். வில்லனாகவே காலம் முழுவதும் உழைத்த அவருக்கு வரலாற்றில் உரிய இடம் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். எதிரி இல்லாமல் வீரன் ஏது? தாரா சிங் 1983-இல் தில்லியில் களத்திலிருந்து விடைபெற்றார். 1987-இல் தொடங்கிய ‘ராமாயணம்’ தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக வந்தபோது அவரை மல்லராக அறியாத குழந்தைகளும் அறிந்தனர். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தார். 2012 ஜூலை 12-இல் மறைந்தார்.

எழுதி வைத்த முடிவை ஏற்காத குடும்பமும் இருந்தது. காமாவின் தம்பி இமாம் பக்‌ஷின் மகன் அக்ரம், 1976 டிசம்பர் 12 அன்று கராச்சியில் ஜப்பானின் அன்டோனியோ இனோக்கியைச் சந்தித்தார். இனோக்கி பழகியிருந்தது காட்சி மற்போர். அக்ரமின் பின்னால் இருந்தது காமா குடும்பத்தின் மானம். மேடையில் அது உண்மைச் சண்டையாகவே ஆயிற்று. மூன்றாம் சுற்றில் இனோக்கி பிடித்த பிடியில் அக்ரமின் தோள் கழன்றது. அவரோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. போட்டி நிறுத்தப்பட்டது. பெரும் மைதானத்தில் கூடியிருந்த மக்கள் வாயடைத்துப் போயினர்.

‘கேட்ச்’ என்னும் கூத்து

பிரெஞ்சு மொழியில் இக்காட்சிக்கு ‘கேட்ச்’ என்று பெயர். பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகமான ரோலான் பார்த் என்னும் சிந்தனையாளர், 1957-இல் வெளியிட்ட ‘மித்தொலொழி’ நூலின் முதல் கட்டுரையே கேட்ச் பற்றியதுதான். பாரிசின் ஒளி குறைந்த அரங்குகளில் அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதன் சாரம் இது: கேட்ச் ஒரு விளையாட்டு அன்று, ஒரு காட்சி, ஏமாற்று வேலையா என்ற கேள்வியைப் பார்வையாளர் கேட்பதே இல்லை, துன்பம், தோல்வி, நியாயம் ஆகியவை எல்லாருக்கும் தெரியும்படி பெரிதாகக் காட்டப்படுவதைப் பார்க்கவே அவர்கள் வருகிறார்கள். அவர் இதைப் பழைய கிரேக்க நாடகத்தோடு ஒப்பிட்டார். கிரேக்கம்வரை போக வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. புதுச்சேரியில் இருப்பவருக்கு இல்லை.

புதுச்சேரியைச் சுற்றியும் பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்து நடக்கும். பதினெட்டாம் போரில் துரியோதனன் சாவான் என்பது முன்வரிசையில் தூங்கி வழியும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். காலையில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் மல்லாந்து கிடக்க, வீமனும் துரியோதனனும் வேடத்தோடு அதைச் சுற்றி ஓடி மோதுவார்கள். தொடையில் அடி விழுந்து, திரௌபதி கூந்தலை முடிக்கும்போது சாமி வந்து ஆடுகிறவர்கள் உண்டு. முடிவு தெரிந்ததால் அந்த அழுகை பொய்யாகிவிடுமா?

ஒப்புமை இதோடு நிற்கவில்லை. கூத்தில் பாத்திரத்தை அறிமுகம் செய்து, கேலி பேசி, கூட்டத்தோடு உறவாடும் கட்டியங்காரனின் வேலையை மற்போர் மேடையில் அறிவிப்பாளரும் வர்ணனையாளரும் பகிர்ந்துகொள்கின்றனர். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிப்பது விதிக்குப் புறம்பு. கண்ணன் தொடையைத் தட்டிச் சைகை காட்ட, வீமன் அங்கேயே அடிக்கிறான். இருவருக்கும் ஆசானான பலராமன் சினந்து எழுகிறான். நடுவர் பார்க்காத நேரத்தில் மேலாளர் சைகை காட்ட, வீரர் விதியை மீறுவதை வாரந்தோறும் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் இதில் புதுமை எதையும் காணமாட்டார்கள். சராசந்தனோடு நடந்த மற்போரில் கண்ணன் புல்லைக் கிழித்து மாற்றிப் போட்டுக் காட்டியதும் இதே வகையைச் சேர்ந்ததே.

வேறுபாடு ஒன்று உண்டு. கூத்தில் வேடம் கட்டியவர் காலையில் அரிதாரத்தைக் கலைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போவார். துரியோதனனாகவே நடமாட மாட்டார். மற்போர்க்காரர்களோ நீண்ட காலம் மேடைக்கு வெளியேயும் வேடத்தைக் காத்தனர். நல்லவனும் கெட்டவனும் ஒரே காரில் போவதைக்கூட யாரும் பார்க்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் குழூஉக்குறியில் ‘கேஃபேப்’ என்பர். கடைசியில் இரகசியத்தை உடைத்தது மனச்சாட்சி அன்று, கணக்குப் புத்தகம். 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்காக, தாங்கள் நடத்துவது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று டபிள்யூ டபிள்யூ எஃப் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கூட்டம் குறைந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தனர். குறையவில்லை.

பிரான்சில் பிறந்து இக்கலையில் உலகப் புகழ் பெற்றவர் ஆந்திரே ரூசிமோஃப். ‘இராட்சதன் ஆந்திரே’ என்று அறியப்பட்டவர். உடல் ஓயாமல் வளரும் நோய் அவரை இராட்சதனாக்கியது. அதே நோய் அவரைத் தின்றது. 1987 மார்ச் 29 அன்று பாண்டியாக் நகரில் ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டது மற்போர் வரலாற்றின் பெயர்பெற்ற காட்சி. ஆந்திரே அப்போது முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், நேராக நிற்கவே சிரமப்பட்டவர். எதிராளியின் ஒத்துழைப்பு இல்லாமல் அவ்வளவு பெரிய உடலை யாரும் தூக்க முடியாது. அவர் தோற்க ஒப்பினார், அவ்வளவுதான். 1993 ஜனவரியில், தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்சு வந்திருந்தபோது பாரிசில் இறந்தார். வயது 46.

வில்லன் வேடம் யாருக்கு?

இந்தியாவில் வெள்ளைக்காரர் வில்லன் என்றால், வெளிநாட்டில் இந்தியர் வில்லன். டிக்கெட் வாங்குகிறவரின் நிறமே இதைத் தீர்மானித்தது. பஞ்சாபிலிருந்து கனடா போன டைகர் ஜீத் சிங், தலைப்பாகையும் வாளுமாக ஜப்பானில் மக்கள் அஞ்சும் வில்லனாக விளங்கினார். 1973-இல் தோக்கியோவின் கடைத்தெருவில், மனைவியோடு வந்த இனோக்கியைத் தாக்குவதுபோல் நடத்திய காட்சிக்குக் காவல்துறையே வந்துவிட்டது. அதே மனிதர் கனடாவில் அறப்பணிகள் பல செய்தார். ஒன்டாரியோ மாநிலத்து மில்டன் நகரில் ஒரு பள்ளிக்கு இன்று அவர் பெயர். வில்லன் பெயரில் பள்ளிக்கூடம் நடப்பது மாணவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்!

கல்கரி நகரில் ‘காமா சிங்’ என்ற பெயரில் வில்லனாக நடித்தவர் ஒருவர் இருந்தார். லண்டனில் உண்மைச் சண்டைக்கு அறைகூவிய காமாவின் பெயர் கனடாவில் வேடப் பெயர் ஆனதை என்னவென்று சொல்வது? அவருடைய மருமகன்தான் ஜிந்தர் மகால் எனப்படும் யுவராஜ் சிங் தேசி. 2017 மே 21 அன்று ராண்டி ஆர்ட்டனை வென்று டபிள்யூ டபிள்யூ இ வாகையர் ஆனார். இந்திய வம்சாவளியினர் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் எழுதித் தரப்பட்ட வசனம் பழையதே: பஞ்சாபியில் பேசி, அமெரிக்கக் கூட்டத்தின் வெறுப்பைச் சம்பாதிக்கும் அந்நியன். அதே ஆண்டு டிசம்பர் 9-இல் தில்லியில் நிகழ்ச்சி வைத்தபோது ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. தில்லிக் கூட்டம் சிறுவயதிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்த டிரிபிள் ஹெச்சுக்கே பெரிதும் ஆரவாரம் செய்தது. வென்றவரும் அவரே. கடைசியில் இருவரும் மேடையில் பங்க்ரா ஆடினர்.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 2007 ஜூலையில், இமாச்சலப் பிரதேசத்துத் தலிப் சிங் ராணா ‘கிரேட் காளி’ என்ற பெயரில் டபிள்யூ டபிள்யூ இ-யின் உலகக் கனரகப் பட்டத்தை வென்றிருந்தார். கூலி வேலை செய்தவர். உயரத்தைப் பார்த்துப் பஞ்சாப் காவல்துறையில் சேர்த்துக்கொண்டனர். ஏழடிக்கு மேற்பட்ட அவருக்கும் ஆந்திரேக்கு வந்த நோயே வந்து, மூளைக்கு அடியில் இருந்த கட்டியை அகற்ற நேர்ந்தது. மல்லராக அவர் அசைவு மந்தம்தான். இரசிகர்கள் அதைக் கேலி செய்யவும் செய்தனர். எனினும் வலியோடு நிற்கும் முழங்கால்களைக் கவனித்தவர்கள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டனர். 2015-இல் ஜலந்தரில் அவர் தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த அரியானாவின் கவிதா தேவி, 2016 தெற்காசிய விளையாட்டில் பளுதூக்குதலில் தங்கம் பெற்றவர். 2017-இல் சல்வார் கமீசோடு டபிள்யூ டபிள்யூ இ மேடையேறிய முதல் இந்தியப் பெண் அவரே. பெண்களின் போட்டியை இடைவேளைபோல் நடத்திய காலம் மாறி, 2019 ஏப்ரலில் ‘ரெசில்மேனியா’ பெருநிகழ்வின் இறுதிப் போட்டியே பெண்களுடையதாக அமைந்தது.

உடல் கொடுக்கும் விலை

மேடை என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சுத் தகடு, மேலே கித்தான் துணி. விழும்போது முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, கைகளால் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்ப வேண்டும். தாடையை மார்போடு ஒட்டி வைக்காவிட்டால் பின்தலை மோதும். எதிராளியின் உயிர் தன் கையில் இருக்கிறது என்ற நினைவோடு அவரை அடிப்பதுபோல் காட்டுவதுதான் இத்தொழிலின் முதல் பாடம். நல்ல மல்லர் என்று இத்துறையினர் சொல்வது, எதிராளிக்குக் காயம் படாமல் பார்த்துக்கொள்பவரையே.

அப்படியும் தவறும். 1999 மே 23 அன்று, கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவதாகத் திட்டமிட்ட ஓவன் ஹார்ட் கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்படாமல் தொடர்ந்தது. இரசிகர்களால் இன்றும் மன்னிக்க முடியாத முடிவு அது. 2007 ஜூனில் கிரிஸ் பென்வா மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மூளையை ஆய்ந்தவர்கள் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் விளைந்த சிதைவைக் கண்டனர். கொலைக்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் நாற்காலியால் தலையில் அடிக்கும் காட்சியைக் கைதட்டி வாங்கிய கூட்டத்துக்கு அதில் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. தலையில் நாற்காலி அடியை 2010-இல் டபிள்யூ டபிள்யூ இ தடை செய்தது. இன்றும் அதன் வீரர்கள் சட்டப்படி ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர்.

‘வீட்டில் முயலாதீர்’ என்ற எச்சரிக்கை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வருகிறது. வகுப்பறைப் பெஞ்சிலிருந்து நண்பன்மேல் பாய்ந்த மாணவர் தலைமுறைக்கு அது எட்டவில்லை. விழக் கற்பதற்கே மாதங்கள் ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை எட்டியிருக்கும்.

இன்றைய களம்

1990-களில் தமிழ்ச் சிறுவர்கள் இந்த வீரர்களை முதலில் அறிந்தது பெரும்பாலும் ட்ரம்ப் கார்டு சீட்டுகளில்தான். உயரம், எடை, மார்பளவு, வென்ற போட்டிகள் என்று அச்சிட்ட சீட்டை வைத்துப் பெட்டிக்கடைத் திண்ணையில் பந்தயம் நடந்தது. கிலோவையும் பவுண்டையும் மாற்றும் கணக்கு பல பேருக்கு அதில்தான் வந்தது. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்ற கதை அக்காலப் பள்ளிகளில் பாடத்தைவிட உறுதியாக நம்பப்பட்டது. அந்த வேடம் தாங்கிய மார்க் காலவே 30 ஆண்டுகள் நடித்து 2020 நவம்பரில் ஓய்வு பெற்றார். ரெசில்மேனியாவில் 21 முறை தோல்வியே காணாத அவரை 2014-இல் பிராக் லெஸ்னர் வென்றபோது, அரங்கில் வாய்பிளந்து நின்ற முகங்களைக் கேமரா காட்டியது. முடிவு எழுதப்பட்டது என்பது அவர்கள் அனைவருக்கும் தெரியும்.

அண்மைக் காலத்தில் இக்கலையின் முழு வலிமையையும் காட்டியது கோடி ரோட்சின் கதை. அவர் தந்தை டஸ்டி ரோட்ஸ், குழாய்ப் பணியாளரின் மகன். தொந்தியும் மழலை நாக்குமாக, உழைப்பாளிகளின் நாயகனாக 1970, 80-களில் கொண்டாடப்பட்டவர். டபிள்யூ டபிள்யூ எஃப் பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2015-இல் இறந்தார். மகனுக்கு அங்கே கோமாளி வேடமே தரப்பட்டது. 2016-இல் வெளியேறி, வேறு நிறுவனம் ஒன்றைத் தோழர்களோடு கட்டியெழுப்பி, 2022-இல் திரும்பி வந்தார். அந்த ஜூன் 5-ஆம் நாள் சேத் ராலின்சுடன் போட்டி. பயிற்சியில் மார்புத் தசை எலும்பிலிருந்து கிழிந்திருந்தது. மேலங்கியைக் கழற்றியபோது மார்பும் புஜமும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடந்ததைக் கண்டு அரங்கமே ஒரு கணம் அடங்கியது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒற்றைக் கையால் போராடினார். அன்று அவர் வெல்வார் என்பது எழுதப்பட்டிருந்தது. தசை கிழிந்தது எழுதப்பட்டதன்று. 2023-இல் ரோமன் ரெய்ன்சிடம் தோற்றார். 2024 ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில், 1316 நாள் பட்டத்தை வைத்திருந்த ரெய்ன்சை வென்றபோது கோடியின் தாய் மேடைக்கு வந்து மகனைக் கட்டிக்கொண்டார். பார்க்க வேண்டிய தந்தை இல்லை. ஆமூர்ப் போரைப் பாடிய புலவருக்கு இந்தக் குறை விளங்கும்.

தென்னிந்தியாவில் 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபவுலியில் டபிள்யூ டபிள்யூ இ நிகழ்ச்சி நடத்தியது. ஜான் சீனா வந்திருந்தார். 2021-இல் தமிழ், தெலுங்கு மொழிகளுக்கெனச் சோனி டென் 4 அலைவரிசை தொடங்கப்பட்டபின் இந்நிகழ்ச்சிகள் தமிழிலும் ஒலித்தன. 2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இவற்றின் ஒளிபரப்பு நெட்ஃபிளிக்ஸ் தளத்துக்கு மாறியுள்ளது. அமெரிக்காவில் இரவில் நடப்பது இங்கே விடியற்காலை 5.30 மணிவாக்கில் நேரலையாக வருகிறது. படுகளத்துக்குக் கூட்டம் சேரும் பொழுதும் ஏறக்குறைய அதுதான்.